கருவிலிருக்கும் பிள்ளைக்கும் கடவுச்சீட்டா?

மரக்காணத்து உப்பளத்திலிருந்து புதுச்சேரி எல்லை வரையிலுள்ள கடற்கரை ஊர்களில், முக்கியமாய்க் கூனிமேட்டில் உள்ள நமது தோழர்கள், சில காலமாய் நம்மை ஒரு கேள்வி கேட்டு வருகின்றார்கள். "ஜாதி ஒழிய வேண்டும் என்கிறோம், மதம் ஒழிய வேண்டும் என்கிறோம், பெண்ணடிமை நீங்க வேண்டும் என்கிறோம். இவையெல்லாம் சரி. ஆனால் டீக்கடையில் போய் உட்கார்ந்தால், 'நம் வீட்டுப் பெண்டுகளுக்கே ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைப்பதில்லை. கள்ளத்தோணியில் வந்தவளுக்கும், கையில் ஒரு கடிதாசும் இல்லாதவளுக்கும் சர்க்கார் செலவில் பிரசவம் பார்க்க வேண்டுமா?' என்று கேட்கிறார்கள். அதற்கு நாம் என்ன பதில் சொல்வது?" என்பதே அந்தக் கேள்வி.

கேள்வி நல்ல கேள்விதான். கேட்கிறவர்களும் கெட்டவர்களல்லர். ஆனால் இந்தக் கேள்விக்குள்ளே ஒளிந்திருப்பது வருணாசிரமம்தான் என்பதை எடுத்துக்காட்டாமல் விட்டால் நாம் சுயமரியாதைக்காரர்கள் என்று சொல்லிக் கொள்வதில் அர்த்தமில்லை. ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலாவதாக, "கள்ளத்தோணி" என்ற சொல்லைக் கவனியுங்கள். இது எங்கிருந்து வந்த வசவு? நம் நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் பிழைக்கப் போன ஏழைத் தமிழனைப் பார்த்து அந்நாட்டு இனவெறியர்கள் சொன்ன சொல். அந்தச் சொல்லைக் கேட்டு நாம் எத்தனை மேடைகளில் ஆத்திரப்பட்டிருக்கின்றோம்! இன்றைக்கு அதே தமிழனின் பேத்தி வயிற்றில் பிள்ளையோடு நம் கரையில் வந்து நின்றால், அதே சொல்லை எடுத்து நாமே அவள் மேல் வீசுகிறோம் என்றால், சிங்கள வெறியனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

மண்டபம் என்றால் தோழர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டக் கூலிகளை இலங்கைக்கு அனுப்புமுன் நோய் பார்த்து அடைத்து வைத்த இடம் அது. அங்கிருந்துதான் நம் பாட்டன் பாட்டிமார் போனார்கள். இலங்கை சுதந்திரமடைந்த 1948லேயே ஒரு குடியுரிமைச் சட்டம் செய்து அவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, ஆட்டு மந்தையைப் பங்கு போடுவதைப் போல, உனக்கு இத்தனை லட்சம், எனக்கு இத்தனை லட்சம் என்று அந்த மக்களைப் பங்கு போட்டார்கள். 1983ல் கொழும்பு எரிந்த பின் அதே மக்களில் பலர், யாழ்ப்பாணத்து மக்களோடும் மன்னாரிலுள்ளவர்களோடும் சேர்ந்து, அதே மண்டபத்துக்குத் திரும்பி வந்தார்கள். போகும்போதும் முகாம், திரும்பும்போதும் முகாம். இதுதான் அந்த மக்களின் சரித்திரம்.

நிற்க, நம் பக்கத்துச் சங்கதிக்கு வருவோம். கூனிமேட்டுக்குத் தெற்கே, அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், கீழ்ப்புத்துப்பட்டில் ஈழத்தமிழர் முகாம் ஒன்று இருக்கின்றது. அவ்வூர் அய்யனாரைத் தெரியாதவர்கள் இந்த வட்டாரத்தில் கிடையாது. ஆனால் அய்யனார் கோயில் எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்லும் பக்தர்களில், அந்த முகாமில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

2021 ஆகஸ்டில் சட்டசபையில் சொல்லப்பட்ட கணக்குப்படி, தமிழ்நாட்டில் 108 முகாம்களில் 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே போலீசில் பதிவு செய்துகொண்டு 34,087 பேரும் இருந்தார்கள். மொத்தத்தில் 92,909 பேர். 2011 ஜனக்கணக்குப்படி தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 லட்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை. இவர்களாலேயா நம் வீட்டுப் பெண்ணுக்குக் கட்டில் இல்லாமல் போயிற்று? ஊரில் கோயில் கட்ட வசூல், கும்பாபிஷேகத்துக்கு வசூல், தேருக்கு வசூல் என்று லட்சம் லட்சமாய்க் கொட்டுகிற கூட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கட்டில் வாங்கிப் போட்டதுண்டா? கட்டில் இல்லாததற்குக் காரணம் வயிற்றுப் பிள்ளைக்காரியல்ல. கட்டில் கேட்டுப் போராடத் தெரியாமல், காப்புக் கட்டத் தெரிந்த நம்முடைய புத்திதான் காரணம்.

தமிழ்நாட்டு சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது யோக்கியமாகாது. 2021ல் அகதி முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்றார்கள். 7,469 வீடுகள் கட்டித் தருவதாகச் சொல்லி வேலை துவக்கினார்கள். மாத உதவியைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், சிறுவர்களுக்கு 500 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாசிகளுக்கு வருமான வரம்புகூட வைக்கவில்லை. இவை பாராட்டத்தக்கவையே. ஆனால் இவையெல்லாம் முகாமில் பெயர் உள்ளவர்களுக்கு. முகாமுக்கு வெளியே இருப்பவர்களுக்கு மாத உதவி கிடையாது. 2022 மார்ச்சில் இலங்கையில் அரிசிக்கும் பால் மாவுக்கும் பஞ்சம் வந்தபோது தனுஷ்கோடி மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டார்களே, கைக்குழந்தையோடு, அவர்களை மண்டபத்தில் தங்க வைத்தார்களே ஒழிய, முன்னே வந்தவர்களைப்போல் அகதிகளாகப் பதிவு செய்ய டெல்லி இணங்கவில்லை. கேளம்பாக்கத்தில் பல ஆண்டுகள் புயல் காப்பகக் கட்டடத்தில் ஒண்டியிருந்த ரோகிங்கியாப் பெண்களின் கதியும் இதுதான். இவர்களெல்லாம் எந்தக் கணக்கிலும் சரியாய்ச் சேராதவர்கள். பிரசவ வலி மாத்திரம் இவர்களுக்கும் கணக்குத் தவறாமல் பத்தாம் மாதத்தில் வந்துவிடுகிறது!

கடிதாசில்லாத பெண்ணுக்கு என்ன நேருகிறது என்பதை, ஆஸ்பத்திரி சங்கதி தெரியாத தோழர்களுக்காகச் சொல்லுகிறோம். நம் நாட்டில் ஒரு பெண் கர்ப்பமானால் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து ஓர் எண் பெற வேண்டும். பிள்ளை பிறந்தபின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். பதிவு செய்யப் போனால் ஆதார் எங்கே, பாங்குக் கணக்கு எங்கே, விலாசம் எங்கே என்று கேள்வி வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தரும் பேறுகால உதவி 18,000 ரூபாயில் ரொக்கமாய்த் தரும் பங்கும் பாங்குக் கணக்கு வழியாகத்தான் வரவேண்டும். கேட்கிறவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. கட்டம் கட்டமாய் நிரப்ப வேண்டிய காகிதம் அவரைக் கேட்கச் சொல்லுகிறது. ஆனால் கேட்கப்படுகிறவளுக்கு அது போலீஸ் கேள்வியாகவே காதில் விழுகிறது. பதிவு காலாவதியாகிப்போனவளும், முகாமில் அனுமதி வாங்காமல் வேறு ஊரில் தாய்வீட்டுக்கு வந்திருப்பவளும், பெயர் கூப்பிடும் நாளில் இல்லாவிட்டால் உதவித்தொகை போய்விடுமே என்று பயப்படுகிறவளும் என்ன செய்வாள்? "இன்னும் ஒரு மாதம் போகட்டும்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

அந்த ஒரு மாதத்தில்தான் எமன் உட்கார்ந்திருக்கிறான். நாம் எமன் என்றது புராணத்து எருமைக்காரனையல்ல. பிரசவத்தில் பெண்கள் சாவதற்குக் காரணங்கள் உலகத்தார் அறிந்தவை. இரத்தப்போக்கு ஒன்று, இரத்த அழுத்தம் ஏறி ஜன்னி காண்பது ஒன்று, கிருமி புகுவது ஒன்று, பிள்ளை குறுக்கே நின்று வெளிவராமல் தடைப்படுவது ஒன்று. இவைகளில் பெரும்பாலானவை முன்கூட்டிப் பார்த்தால் தடுக்கக்கூடியவை. கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்க எத்தனை நிமிஷம் ஆகும்? இரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கு என்ன விலை? ஜன்னி காணும் கர்ப்பிணிக்கு உயிர் கொடுக்கும் மருந்து மக்னீசியம் சல்பேட் என்ற ஓர் உப்புத்தான். மரக்காணத்துத் தோழர்களே! உங்கள் பாத்தியில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் உள்ள சரக்குகளில் ஒன்று அதுவே. அத்தனை மலிவான பொருள். அதைப் போட வேண்டிய நேரத்தில் போடாததற்குக் காரணம் அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லாதது என்றால், அந்தச் சாவுக்கு விதி என்று பெயர் வைப்பதா, கொலை என்று பெயர் வைப்பதா?

தமிழ்நாட்டில் 100க்கு 99க்கு மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன என்று சர்க்கார் கணக்குச் சொல்லுகிறது. 2018-20 ஆண்டுக் கணக்குப்படி, ஒரு லட்சம் பிள்ளைகள் உயிரோடு பிறந்தால் இந்தியா முழுமைக்கும் 97 தாய்மார் இறக்க, தமிழ்நாட்டில் 54 பேரே இறந்தார்கள். இந்தப் பெருமை எப்படி வந்தது? எந்தக் கருக்காத்த அம்மனும் தரவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரி, இரவு பகலாய்த் திறந்திருக்கும் சுகாதார நிலையம், வீடு வீடாய்ப் போகும் செவிலியர், 108 வண்டி ஆகியவைகளே தந்தன. அப்படியானால் மிச்சமிருக்கும் சாவுகள் எங்கே ஒளிந்திருக்கும்? செவிலியர் காலடி படாத இடத்தில்தான் ஒளிந்திருக்கும். பதிவேட்டில் பெயரில்லாதவளைத் தேடிப் போனால்தான் அந்த 54ஐ இன்னும் குறைக்க முடியும்.

இந்த இடத்தில் நம் பக்கத்துத் திண்டிவனத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1890களின் தொடக்கத்தில் அங்கே பாதிரி டாக்டர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் இருந்தார். ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராய் மூன்று கணவர்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிமாரும் பிரசவத்தில் துடித்துக் கொண்டிருந்தார்கள். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறு மேல்ஜாதி இந்து. "என் தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்று அந்தப் பெண் சொன்னபோது, "அந்நிய ஆண்பிள்ளை எங்கள் பெண்ணைத் தொடுவதா? சாகட்டும்" என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்தார்கள். அதைக் கண்டே அவர் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வேலையைத் துவக்கினார். அவர் கும்பிட்ட கடவுள் நமக்கு வேண்டியதில்லை. ஆனால் அவர் துவக்கிய ஆஸ்பத்திரியை வேண்டாமென்று சொல்லும் நாஸ்திகன் கிடையாது.

அன்றைக்கு அந்த மூன்று பெண்களையும் கொன்றது என்ன? ஒருத்தியைச் சாஸ்திரம் கொன்றது. ஒருத்தியை கோஷா கொன்றது. ஒருத்தியை ஜாதி கொன்றது. டாக்டர் பக்கத்துத் தெருவில் இருந்தும் செத்தார்கள். அந்தப் புருஷர்களை இன்று நாம் மூடர்கள் என்கிறோம். ஆனால் டாக்டரும் இருந்து, மருந்தும் இருந்து, வண்டியும் இருந்து, "ஆதார் இல்லை" என்று ஒரு பெண் வீட்டில் கிடந்து செத்தால், அந்த மூடர்களைவிட நாம் எந்த வகையில் உயர்ந்தவர்கள்? அவர்கள் மனுதர்மத்தைப் பார்த்தார்கள்; நாம் மனுவை, அதாவது விண்ணப்ப மனுவைப் பார்க்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்!

சரி, "சட்டத்தை மீறி வந்தவர்களாயிற்றே" என்பார்கள். மீறினவள் தாய் என்றே வைத்துக் கொள்வோம். வயிற்றிலிருக்கும் பிள்ளை எந்தச் சட்டத்தை மீறிற்று? எந்தத் தோணிக்குக் கூலி கொடுத்தது? பிறப்பதற்கு முன்னமே ஒரு ஜீவன் குற்றவாளி என்று சொல்வது நமக்குப் புதிதல்ல. முன் ஜென்மத்துப் பாவத்தால் பறையனாய்ப் பிறந்தான் என்று சொன்னவர்கள் இதைத்தான் சொன்னார்கள். 1871ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்து, தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பிறவித் திருடன் என்றான். அந்தச் சட்டம் தொலைய 1952 வரை ஆயிற்று. பிறப்பினால் உயர்வும் பிறப்பினால் தாழ்வும் இல்லை என்பதுதானே நம்முடைய இயக்கத்தின் ஆணிவேர்? அப்படியிருக்க, பிறந்த மண்ணால் ஒருத்திக்கு வைத்தியம் உண்டு, ஒருத்திக்கு இல்லை என்பது, பிறந்த ஜாதியால் ஒருத்தனுக்குக் கிணறு உண்டு, ஒருத்தனுக்கு இல்லை என்பதன் தம்பியல்லவா?

"பிள்ளையை இங்கே பெற்றுவிட்டுக் குடியுரிமை வாங்கிக் கொள்வார்கள்" என்று இன்னொரு புரளி. இதைச் சொல்லுகிறவர்கள் சட்டத்தைப் படித்தவர்களல்லர். இந்த மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்பது 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களுக்குத்தான். அதற்குப்பின் தாய் தகப்பனில் ஒருவராவது குடிமக்களாய் இருக்க வேண்டும் என்றார்கள். 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் குடிமகனாய் இருந்தாலும் மற்றவர் சட்ட விரோதமாய்க் குடியேறியவராய் இருக்கக் கூடாது என்றார்கள். அதாவது, கூனிமேட்டுத் தமிழன் ஒருவன், அனுமதிக் காகிதமில்லாமல் கடல் தாண்டி வந்த ஈழத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்து கொண்டால், தகப்பன் ஓட்டுப் போடுகிறவன், பாட்டன் இங்கே உப்பு வாரினவன், இருந்தும் பிள்ளை பிறப்பால் குடிமகனல்லன்! நம் பிள்ளையையே அந்நியனாக்கும் சட்டத்தை வைத்துக்கொண்டு, அந்நியர் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று அலறுவது எவ்வளவு வேடிக்கை!

1986ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கைப் பாருங்கள். முகாமிலேயே வளர்ந்த அவர், நான் 1987க்கு முன்னே இந்த மண்ணில் பிறந்தவள், எனக்குக் கடவுச்சீட்டு கொடுங்கள் என்று கேட்டு, மதுரை ஹைகோர்ட் வரை போய், 2022ல் தான் ஜெயித்தார். அவருக்குக் கைகொடுத்தது எது? ஜாதகமா? பிறப்புச் சான்றிதழ்! நம் ஜனங்கள் பிள்ளை பிறந்தவுடன் ஜோசியனிடம் ஓடி நட்சத்திரம் கணிக்கிறார்கள். அந்த ஓலை பிள்ளையை ஒரு பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்க்காது. 2023ல் செய்த திருத்தத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முதல் உத்தியோகம் வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு அத்தாட்சி. 1969ஆம் ஆண்டுச் சட்டமோ, பிறப்பு எதுவானாலும் 21 நாளில் பதிவாக வேண்டும் என்கிறது. குடிமக்களின் பிள்ளை மாத்திரம் என்று சொல்லவில்லை. ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டில் பிள்ளை பெறும் கடிதாசில்லாத தாய், தன் உயிரை மட்டுமல்ல, பிள்ளையின் பெயரையும் பணயம் வைக்கிறாள். காகிதமில்லாதவளின் வயிற்றில் காகிதமில்லாத பிள்ளை. அந்தப் பிள்ளை பெண்ணானால் அவள் வயிற்றில் இன்னொரு காகிதமில்லாத பிள்ளை. இதற்குப் பரம்பரைத் தீண்டாமை என்பதல்லாமல் வேறென்ன பெயர்?

இனி மதவாதிகளின் யோக்கியதையையும் பார்த்துவிடுவோம். 2019ல் குடியுரிமைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று தேசங்களிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த இந்து, சீக்கியர், பவுத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியோருக்குக் கதவு திறந்தார்கள். முஸ்லிமுக்குக் கதவில்லை. போகட்டும், இந்துவுக்காவது முழுக் கதவு திறந்தார்களா? இலங்கை அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஈழத்துக்காரன் பட்டை பட்டையாய்த் திருநீறு பூசியும், நல்லூர்க் கந்தனுக்குக் காவடி எடுத்தும், கதிர்காமத்துக்கு நடந்தும் இந்துவாகவில்லை! ஆகவே இவர்கள் சொல்லும் இந்து மதத்தில் தமிழனுக்கு உள்ள இடம் எது என்று இனியாவது நம் பக்தர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் குடியேற்றச் சட்டத்தின் தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். தண்டனையிலிருந்து விலக்குத்தான், குடியுரிமையல்ல. அந்தத் தேதிக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

2025 மே மாதத்தில் ஓர் ஈழத்தமிழர் வழக்கில், இந்தியா ஒன்றும் தர்மசத்திரமல்ல என்ற கருத்தில் சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஒருவர் பேசியதாய்ப் பத்திரிகைகளில் வந்தது. நாமும் அதையேதான் சொல்லுகிறோம்: பிரசவ ஆஸ்பத்திரி சத்திரமல்ல! சத்திரத்துச் சோறு பிச்சை. போடுகிறவனுக்குப் புண்ணியம் வேண்டும், பூணூல் பார்த்துப் பந்தி பிரிப்பான். ஆஸ்பத்திரியோ உரிமை. அதே சுப்ரீம் கோர்ட்டுதான் 1996ல் சக்மா அகதிகள் வழக்கில், அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மாத்திரமல்ல, இந்த மண்ணில் உள்ள எந்த மனிதருக்கும் உண்டு என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதே ஆண்டில் வங்காளத்துக் கூலிக்காரர் ஒருவர் வழக்கில், ஆபத்தான நேரத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரி வைத்தியம் மறுப்பது அந்த உயிர் உரிமையை மீறுவதே என்றும் சொல்லிற்று. இந்த இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வக்கீலாக வேண்டியதில்லை. மனிதர் யாருக்கும் உயிர் உரிமை உண்டு. ஆபத்தில் வைத்தியம் அந்த உரிமையைச் சேர்ந்தது. ஆகவே வலியெடுத்து வரும் எந்தப் பெண்ணுக்கும் வைத்தியம் உரிமை. இதில் தர்மம் எங்கே வந்தது, சத்திரம் எங்கே வந்தது?

மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் பார்ப்போம். அமெரிக்காவில் 1986ல் செய்த சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிகள் பிரசவ வலியோடு வரும் பெண்ணைப் பணமில்லை, காகிதமில்லை என்று துரத்தக் கூடாது. பிரான்சில் 2000 முதல், காகிதமில்லாமல் மூன்று மாதத்திற்கு மேல் வசிக்கும் ஏழைகளுக்கும் சர்க்கார் செலவில் வைத்தியம் உண்டு. பிரிட்டனில் பிரசவம் பார்க்க மறுப்பதில்லை; ஆனால் பிற்பாடு பெரிய பில்லை நீட்டி, 500 பவுண்டுக்கு மேல் பாக்கி நின்றால் குடிநுழைவு இலாகாவுக்கு எழுதிப் போடுகிறார்கள். அதனால் கர்ப்பிணிகள் பயந்து ஒளிகிறார்கள். மலேசியாவிலோ, காகிதமில்லாதவர் வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2001ல் ஆஸ்பத்திரிகளுக்கே உத்தரவு போட்டார்கள். ஈழத்துக்காரி ஒருத்தி அங்கே பிள்ளை பெறப் போனால், கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ் வருமோ என்று நடுங்க வேண்டும். இந்தியாவோ 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. அகதிகளுக்கென்று ஒரு சட்டமும் செய்யவில்லை. இவைகளிலிருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்றே. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. கதவுக்குப் பின்னால் போலீஸ்காரனும் இல்லை, பில்லும் இல்லை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் அகதிப் பெண்ணை வெறுப்பதில்லை. "ஐயோ பாவம், அவள் தலைவிதி" என்று உச்சுக் கொட்டுவார்கள். வெறுப்பவனைவிட இவர்கள் ஆபத்தானவர்கள். வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் என்றால், இவர்களில் வசதியுள்ளவர் ஜோசியனைக் கேட்டு, பஞ்சாங்கத்தில் நல்ல முகூர்த்தம் பார்த்து, அந்த நாழிகைக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்கச் சொல்லுவார்கள். பிரம்மா எழுதிய எழுத்தை டாக்டர் கத்தியால் திருத்துவார்கள்! தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 கத்தி வைத்து நடப்பதாக 2019-21 குடும்ப நலக் கணக்குச் சொல்லுகிறது. அவ்வளவும் பஞ்சாங்கத்தால் என்று நாம் சொல்லவில்லை. உயிர் காக்கச் செய்வது வேண்டியதே. ஆனால் தன் வீட்டுக்கு விதியைத் தள்ளி வைக்கத் தெரிந்தவன், அகதிப் பெண்ணுக்கு மாத்திரம் விதியைக் காட்டுவது அயோக்கியத்தனமல்லவா?

கடைசியாக, நாம் கேட்பது என்னவென்று எண்ணிச் சொல்லுகிறோம்.

ஒன்று: கர்ப்பிணி என்று எந்தப் பெண் வந்து நின்றாலும், ஆதார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே பதிவு எண் கொடுத்து, மாத்திரையும் ஊசியும் பரிசோதனையும் தர வேண்டும். காகிதம் பிற்பாடு வரட்டும், வராமலும் போகட்டும்.

இரண்டு: செவிலியர் முகாமோடு நில்லாமல், முகாமுக்கு வெளியே வாடகைக் குடிசையிலும் இறால் பண்ணையிலும் செங்கல் சூளையிலும் இருக்கும் பெண்களையும் தேடிப் போக வேண்டும். அதற்கு ஆள் போதாவிட்டால் ஆள் போட வேண்டும்.

மூன்று: ஆஸ்பத்திரி ஏடு வேறு, போலீஸ் ஏடு வேறு என்று எழுத்தில் உத்தரவு வேண்டும்.

நான்கு: பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து தாய் வீடு திரும்புமுன் பிறப்புச் சான்றிதழ் கையில் கிடைக்க வேண்டும். பிரசவத்துக்காக முகாமை விட்டு வேறு ஊர் போகும் பெண்ணுக்குப் பெயர் கூப்பிடுவதிலிருந்து விலக்கும், தடையில்லாத உதவித்தொகையும் வேண்டும்.

ஐந்து: நாற்பது ஆண்டுகளாய் இங்கே வாழ்ந்து, இங்கேயே பிள்ளை பேரன் கண்ட மக்களைச் சட்ட விரோதக் குடியேறிகள் என்று சொல்வதை டெல்லி சர்க்கார் விட்டொழித்து, விரும்புகிறவர்களுக்குக் குடியுரிமை வழங்க வேண்டும். இது இல்லாமல் மற்ற நான்கும் ஒட்டுப் போட்ட சட்டைதான்.

இவையெல்லாம் சர்க்கார் காரியம் என்று நாம் சும்மா இருக்கலாமா என்றால், கூடாது. கூனிமேட்டுத் தோழர்களுக்குக் காரியம் உண்டு. 'கூனி' என்றவுடன் இராமாயணப் பக்தனுக்கு மந்தரை ஞாபகம் வரும். கடற்கரைக்காரனுக்குக் கூனி இறால் ஞாபகம் வரும். இனிமேல் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால், வயிற்றுப் பிள்ளைக்காரியை விலாசம் கேட்காமல் வண்டியேற்றி அனுப்பும் ஊர் என்று ஞாபகம் வரும்படி செய்யுங்கள். ஊரிலும் முகாமிலும் உள்ள கர்ப்பிணிகளுக்குத் துணை போக நம் பெண் தோழர்கள் நால்வர் முன்வரட்டும். இரத்தம் வேண்டுமென்றால் மரக்காணத்துக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரிக்கோ உடனே கிளம்பும்படி இளைஞர்கள் தங்கள் இரத்தப் பிரிவை எழுதி வைத்துக் கொள்ளட்டும். இரத்தத்துக்கு ஜாதியில்லை, தேசமில்லை என்று மேடையில் கத்துவதைவிட, ஒரு புட்டி கொடுத்துக் காட்டுவது மேல். எங்கேயாவது காகிதம் கேட்டுத் திருப்பி அனுப்பினால், சண்டைக்குப் போகாமல், தேதியும் நேரமும் குறித்து, மாவட்ட சுகாதார அதிகாரிக்கும் கலெக்டருக்கும் எழுத்தில் அனுப்பி, பதில் வரும் வரை விடாதீர்கள்.

டீக்கடையில் மறுபடியும் அந்தக் கேள்வி வந்தால், தோழர்களே, பதில் சொல்லக் கஷ்டப்பட வேண்டாம். கேட்டவரைப் பார்த்து, "ஐயா, நீங்கள் பிறந்தபோது உங்கள் தாயாரிடம் என்ன காகிதம் இருந்தது?" என்று மாத்திரம் கேளுங்கள். நம்மில் பலரைப் பெற்ற தாய்மாருக்குக் கைநாட்டு வைக்கத்தான் தெரியும். அவர்கள் பிறந்த தேதி எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களை யாரும் இந்த நாட்டுக்காரி என்று நிரூபிக்கச் சொல்லவில்லை. அதனால் நாம் உயிரோடிருந்து இன்று கேள்வி கேட்கிறோம். நமக்குக் கிடைத்ததை இன்னொருத்தி பிள்ளைக்கு மறுக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்த்தால் போதும். அதற்குமேல் நம்முடைய பிரசங்கம் வேண்டியதே இல்லை.